"போதும்" சொல்ல மறந்த காலை

இதை நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. நடந்தது நடந்ததுதான். நான்கு படங்களும் என் கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கின்றன.

கடலில் சூரியன் எழுவதைப் படமெடுப்பது எனக்குப் பிடித்த பைத்தியம். லென்ஸுக்கு முன்னால் என்டி ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடியை மாட்டுவேன். வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும் என்பதால் ஷட்டரை நான்கு நிமிடம் திறந்தே வைக்கலாம். அலையெல்லாம் புகை மாதிரி விழும். நடமாடுகிற ஆட்கள் காணாமலே போவார்கள். அசையாதது மட்டும்தான் தெளிவாகப் பதியும்.

அன்று ஒரு போட்டிக்குக் கடைசி நாள். பாறை மேல் ஒரு ஆள் நின்றால் பரிசு நமக்குத்தான் என்று தோன்றியது. மனைவியின் தம்பியைத் தூக்கத்தில் எழுப்பி இழுத்துப் போனேன். அவளுக்கென்று இருக்கும் ஒரே ரத்த உறவு அவன். காலில் சக்கரம் கட்டியவன், ஓரிடத்தில் நிற்க மாட்டான்.

"நாலு நிமிஷம் மாப்ள. நான் போதும்னு சொல்ற வரைக்கும் அசையக் கூடாது."

"மூச்சாவது விடலாமா மாமா?"

5.38. முதல் படம். திரையில் அவன் கொஞ்சம் கலங்கலாக இருந்தான். பக்கத்தில் இன்னொரு உருவம்... யாரோ பாதி நேரம் வந்து நின்றதுபோல.

நிமிர்ந்தேன். பாறையில் அவன் மட்டும்தான்.

"பக்கத்துல யாராவது வந்தாங்களா?"

"இல்லையே. குளிருது... போலாமா மாமா?"

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

5.45. ஷட்டரைத் திறந்துவிட்டுக் குனிந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5.48. முதுகுக்குப் பின்னால் ஈரக் காலடி. சளக்... சளக்...

தோளில் கை விழுந்தது.

"போலாம்."

அவன்தான். ஆனால் பாறை எனக்கு முன்னால் இருந்தது. நான் "போதும்" என்று சொல்லவும் இல்லை.

5.49. ஷட்டர் மூடியது. பாறை மேல் அவன் புகையாகத் தெரிந்தான். பாதியில் வந்துவிட்டானே, அதனால்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அதன்பிறகு அவன் வீட்டில் வைத்த இடத்திலேயே இருந்தான். "தம்பிக்கு இப்பதாங்க பொறுப்பு வந்திருக்கு" என்று மனைவிக்கு வாயெல்லாம் பல். என்னை மட்டும் அவன் மாமா என்று கூப்பிடவே இல்லை.

போன ஞாயிறு, பகல் 2.10. சோபாவில் தூங்கினான். அதே ஃபில்டர், அதே நான்கு நிமிடம்.

படத்தில் ஜன்னல் திரைச்சீலை கலங்கியிருந்தது. தூங்குகிறவன் நெஞ்சும் ஏறி இறங்கிக் கலங்கத்தான் வேண்டும்.

அவன் சட்டைப் பொத்தானின் நூல்கூடத் தெளிவாக இருந்தது.

மறுநாள் காலை தனியாகப் போனேன். வெறும் பாறை.

"போதும் மாப்ள... வந்துடுடா!" தொண்டை கிழியக் கத்தினேன்.



5.45. ஷட்டரைத் திறந்தேன்.

5.49.

படத்தில்... நின்றான். அன்று பாறையில் போட்டிருந்த அதே சட்டை. என்னைப் பார்த்தபடி.

பெரிதாக்கினேன். உடம்பு துளிகூட அசையவில்லை.

உதடுகள் மட்டும் கலங்கியிருந்தன.

நான்கு நிமிடமும் எதையோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.