கேஸா கரண்டா

மார்புத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்துத் தைத்த பிறகு, என்ன தொழில் என்று டாக்டர் கேட்டார். கார்களுக்குத் தகர வேலை என்றார் டிங்கர். கூட வந்த மனைவி விடவில்லை. நாள் முழுக்கக் கரண்டு வெல்டிங்தான் வைக்கிறார் என்று சொல்லிவிட்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இதயத்தின் துடிப்பை இனி அந்தக் கருவிதான் பார்த்துக்கொள்ளும். வெல்டிங் மிஷினின் கரண்டு அதைக் குழப்பிவிடும். தொடக் கூடாது, ஓடும்போது பக்கத்தில் நிற்கவும் கூடாது. கேஸ் வெல்டிங் என்றால் பரவாயில்லை.

அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார்.

பட்டறை அவருக்கும் மச்சினனுக்கும் பொது. இரண்டு கார் நிற்கும். மூன்றாவது வந்தால் ஒன்று தெருவுக்குப் போக வேண்டும். எதிர்க்கடை டயர்காரர் அவருக்கு ‘பேட்டரி’ என்று பெயர் வைத்தார். அண்ணன் இனிமேல் தள்ளாமலே ஸ்டார்ட் ஆவார் என்றார். டிங்கரும் சிரித்துவிட்டு, மூலையில் கிடந்த கேஸ் சிலிண்டர்களை முன்னால் உருட்டி வந்தார். அவர் தொழில் கற்றது கேஸில்தான். பழைய கார்களின் தடித்த தகடு அந்தச் சுடருக்கு இளகி, சொன்னபடி ஒட்டும்.

பழைய கார்கள் வருவது குறைந்துபோயிருந்தது. ஒரு புதுக் காரின் கதவுக்கு அடியிலுள்ள மெல்லிய தகட்டில் கேஸ் வைத்துப் பார்த்தார். சூடு பரவி, தகடு நனைந்த அட்டைபோல நெளிந்தது. கதவைச் சாத்த முடியவில்லை. மறுநாள் அவர் வந்தபோது கதவு சரியாக மூடிக்கொண்டது. மச்சினன் அவர் வைத்ததை அறுத்தெடுத்துவிட்டுக் கரண்டில் வைத்திருந்தான். அதன்பின் மச்சினன் வெல்டிங் மாஸ்க்கைக் கையில் எடுத்தாலே அவர் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். தெருவில் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போயிற்று. சிலிண்டர்களைத் திருப்பிக் கொடுத்தால் இடமாவது மிச்சமாகும் என்று மச்சினன் தன் அக்காவிடம் சொல்லியிருந்தான். அவரிடம் நேரே சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அந்த வாரம் டாக்சிக்காரர், பக்கவாட்டில் இடி வாங்கிய காரோடு வந்தார். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் கூரையைத் தாங்கும் பில்லர் அடியில் கிழிந்திருந்தது. மச்சினனை டாக்சிக்காரர் இன்னும் பொடியனாகத்தான் நினைத்திருந்தார்.

“கேஸ்லயே வச்சுக் குடுங்கண்ணே. உங்க கை பட்டாப் போதும்.”

மச்சினன் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரைத் திரும்பத் துடைத்தான்.

டிங்கர் குனிந்து கிழிசலைத் தடவினார். கேஸில் வைக்கலாம். பார்க்க அழகாகவே வரும்; பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வைத்தால் சிலிண்டர் பட்டறையில் இருக்கும். அவரும் இருப்பார்.

“கேஸ் வேணாம்பா,” என்றார். “இது சூடு தாங்குற இரும்பில்ல. ஆறினா உரம் போயிடும். இன்னொரு இடி வாங்குச்சுன்னா உள்ள உக்காந்திருக்கிறவன் மேலதான் மடங்கும்.”

“அப்ப நீங்க?”

“அவன் வைப்பான். என்னைவிட நல்லாவே வைப்பான்.”

மச்சினன் மாஸ்க்கை எடுத்தான், போட்டுக்கொள்ளவில்லை. அவர் வெளியே போகக் காத்திருந்தான். டிங்கர் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சரியாக மாட்டாததுபோல எடுத்து மறுபடி மாட்டினார்.

“சிலிண்டரு இருக்கட்டும் மாமா,” என்றான் மச்சினன்.

“எதுக்கு? கால்ல இடிக்குது. கேஸ் கம்பெனி வண்டி வந்தா ஏத்திவிடு.”

தெருவில் நிற்காமல் வீட்டுக்கு நடந்தார். மனைவி அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். நடு மத்தியானத்தில் அவரை வாசலில் கண்டதும் அவள் பார்வை மார்புக்குத்தான் போயிற்று. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். அவள் தனக்கு வைத்திருந்த சாப்பாட்டை இரண்டாகப் பிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு அவருக்குப் பட்டறையில்தான். அந்த நேரத்தில் அந்த வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் அவர் நின்றுகொண்டிருந்தார்.