கீலில் கட்டிய காப்பு

மார்கழி பிறந்ததும் வேன் நின்றுவிட்டது. மந்தினுக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் எஸ்டேட்டிலிருந்து சிரம்பானுக்கு வேலைக்குப் போவது நான் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது. ஒருத்திக்காக வேன் ஓட்டினால் கட்டுப்படியாகாது என்றார் டிரைவர். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. சிரம்பானில், தொழிற்சாலை ஆட்கள் தங்கும் விடுதியின் சமையல்கட்டில் எனக்கு வேலை. ஏழு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். அந்த வாரமே இரண்டு முறை தாமதமாகப் போனேன்.

"மூணாவது தடவ லேட்டா வந்தீங்கன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்லா," என்றார் சூப்பர்வைசர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்காகத்தான் மடக்கு சைக்கிள் வாங்கினேன். வீட்டிலிருந்து ரயில் நிலையம் ஆறு கிலோமீட்டர். சிரம்பானில் இறங்கினால் விடுதிக்கு இன்னும் இரண்டு. சாதாரண சைக்கிளை ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள், மடக்கினால் விடுவார்கள். சனிக்கிழமை கடையிலிருந்து மடக்கியபடியே கொண்டுவந்து இறக்கியபோது பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னாக்கா, பாதி சைக்கிளுதான் குடுத்தானா?" என்றாள். அதை இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. வாசலில் வைத்து மடக்கினேன், விரித்தேன், மறுபடி மடக்கினேன். கை சும்மா இருக்க மறுத்தது.

என் அக்கா சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அவளும்தான் அந்த வீட்டில். அவள் புருஷன் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து செத்தது நான் போகவேண்டிய அதே ரோட்டில். கடைசியில், "பூச போடாம ஏறாத," என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிறு காலை மாரியம்மன் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பூசாரி சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்.

"லோரிக்குப் போட்டிருக்கேன், மண்ணு தோண்டுற மிசினுக்கே போட்டிருக்கேன். ரெண்டா ஒடியிற வண்டிக்கு இப்பத்தாம்மா மொதோ தடவ. எங்க ஒடியும்?"

நான்தான் குனிந்து நடுவிலிருந்த கீலைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்ப காப்பு அங்கதான் கட்டணும்," என்றாள் அக்கா.

மஞ்சள் கயிற்றை ஒன்பது சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார் பூசாரி. மார்கழி முடியும் வரை அவிழ்க்கக் கூடாது என்றார். அக்கா அந்த முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தச் சைக்கிள் மடங்க வேண்டும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அப்போது அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். எங்களுக்கு வாய்த்த குளிர்காலம் இந்த மழைதான். எஸ்டேட்டுச் செம்பனை மர மட்டைகளிலிருந்து பின்கழுத்தில் சொட்டும்போது உடம்பே சிலிர்க்கும். முன்விளக்கு வெளிச்சத்தில் மூடுபனி மட்டும் தெரிந்தது. சின்னச் சக்கரம், எவ்வளவு மிதித்தாலும் நகராத மாதிரி இருந்தது. இரண்டு இடத்தில் நின்று மணி பார்த்தேன். பார்க்க நின்றதால் நேரம் போய்விட்டதே என்று இன்னும் வேகமாக மிதித்தேன். அக்கா புருஷன் விழுந்த வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

நிலையத்தில் மலாய்க்காரக் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "ஆன்ட்டி, லிப்பாட் டூலு." முதலில் மடக்கு என்கிறார்.

பிடியை இழுத்தேன். அசையவில்லை. அப்போதுதான் கயிற்றைப் பார்த்தேன். மழையில் ஊறி முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகத்தால் கிள்ளினேன், பல்லால் கடித்தேன், வாயெல்லாம் மஞ்சள். காவலாளி சட்டைப்பையிலிருந்து பேப்பர் வெட்டும் கத்தியை எடுத்து நீட்டினார். இந்த ரயிலை விட்டால் அடுத்தது அரை மணி கழித்துத்தான். சைக்கிளை இங்கே விட்டுவிட்டுப் போனால், சிரம்பானில் நடந்து போய்ச் சேர ஏழு தாண்டிவிடும். கத்தியை வாங்கிக்கொண்டேன். அறுக்கக் கை வரவில்லை. சொல்லாமல் அறுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அவள் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது.

போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"விழுந்துட்டியா?"

"இல்லக்கா. ஸ்டேசன்ல இருக்கேன். காப்பு கீலுல இருக்கு, மடக்க முடியல. மடக்காம ஏத்த மாட்டானாம்."

தண்டவாளத்தின் கோடியில் வெளிச்சம் தெரிந்தது.

"அக்கா, ரயிலு வந்துருச்சு."

"அந்த வளைவத் தாண்டிட்டியா?"

"தாண்டிட்டேன். எறங்கி நடந்தேன்."

"அப்ப அறு," என்றாள். "அறுத்துட்டுப் போ. ஆனா வேலையில போயி நின்ன ஒடனே எனக்குப் போன் போடணும். தெனமும் போடணும். கேக்குதா?"

அறுத்தேன், மடக்கினேன், ஏறினேன். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சமையல்கட்டில் நின்றேன்.

தினமும் போன் போடுகிறேன். மூன்றாவது வாரம் ஒரு காலை, கூடுதலாக ஆட்கள் வந்துவிட்ட அவசரத்தில் மறந்துபோனேன். கால் மணி நேரத்தில் சூப்பர்வைசர் தன் போனை எட்டப் பிடித்தபடி சமையல்கட்டுக்குள் வந்தார்.

"உங்க அக்காலா. உங்க கொரலக் கேக்காம வைக்க மாட்டாங்களாம். என்னைய ஏசுறாங்க. பேசுங்க."