சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

வெள்ளைத் துணி ஒன்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சொட்டு ரத்தம். ஒன்று டாக்டருடையது, நல்ல சிவப்பு. மற்றது என் மகளுடையது, காபி டிகாக்‌ஷன் நிறம். டாக்டர் அந்தத் துணியை மின்விசிறிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றுப் பட்டால் சாதாரண ரத்தம் சிவந்துவிடுமாம். என் மகளின் ரத்தம் சிவக்கவே இல்லை. மேல்வீட்டு மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை எப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் அந்தத் துணிதான் நினைவுக்கு வரும்.

நாங்கள் வேலைக்காக வந்து தங்கிய மராட்டிய நகரத்தில், கராடிப் பகுதியில், மேடம் எங்கள் பிளாட்டுக்கு நேர் மேலே குடியிருந்தார். பிறந்து வளர்ந்தது அதே நகரத்தின் கட்கியில். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். மேடம் வேதியியல் படித்தவர், ஹடப்சரில் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றுக்குத் தலைவி. அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. லிஃப்டில் ஏறினால் இறங்குவதற்குள் ஊர்த் தண்ணீர் முழுவதையும் திட்டித் தீர்த்துவிடுவார். குடியிருப்போர் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றால் செயலாளர் உட்கார்ந்துவிடுவார். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். தமிழ் எழுத்துகளில் ஒன்றுகூடத் தெரியாது. எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம், நிறைய எரிச்சல். நாள் முழுக்க மென்பொருளில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, குடிக்கிற தண்ணீரிலும் குற்றம் கேட்கப் பொறுமை இருக்குமா?

மகள் பிறந்தபோது ஈரோட்டிலிருந்து அக்கா வந்தாள். எங்களுக்கு அம்மா இல்லை, எல்லாப் பிரசவத்துக்கும் அக்காதான் அம்மா. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தைக்குப் பவுடர் பால்தான் என்று ஆனதும் அக்கா சமையலறையைத் தன் ஆட்சிக்குக் கொண்டுவந்தாள். புட்டிகள் வெந்நீரில் வெந்தன. கை கழுவாமல் யாரும் குழந்தையின் பக்கம் போகமுடியாது. என் கணவர் தன் பிள்ளையைத் தூக்குவதற்கே அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

ஒன்றில் மட்டும் அவளுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. சுவரில் மாட்டியிருந்த சுத்திகரிப்பு இயந்திரத்தை அவள் சட்டை செய்யவே இல்லை. "மிஷினுத் தண்ணியில என்ன சத்து இருக்குது? சக்கையாட்டம் இருக்குது. இந்த போர்த் தண்ணியப் பாரு, நம்மூருக் கெணத்துத் தண்ணியாட்டமே இனிக்குது" என்பாள். குழாயில் வரும் போர்த் தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, கஷாயம் வைப்பதுபோலப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சுவாள். எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கு அப்படித்தான் பழக்கம். எவ்வளவு சுண்டுகிறதோ அவ்வளவு சுத்தம். அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, பால் கலக்குவாள். நானும் அதில் குறை எதுவும் காணவில்லை. கொதித்த தண்ணீரை யார் சந்தேகப்படுவார்கள்?

குழந்தை இன்னும் குப்புற விழக்கூடப் பழகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளிப்பாட்டித் துடைக்கும்போது அக்காதான் முதலில் பார்த்தாள். உதடு நாவல்பழம் தின்ற உதடாக இருந்தது. நகங்களும் அப்படியே. அழவில்லை, காய்ச்சல் இல்லை, சோர்ந்து கிடந்தது. கணவர் அலுவலக வேலையாக ஹைதராபாத் போயிருந்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடி மேடத்தின் கதவைத் தட்டினேன். அவர் குழந்தையை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் பேசாமல் கார் சாவியை எடுத்தார். அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மருத்துவமனையில் பிராணவாயு வைத்தார்கள். நிறம் மாறவில்லை. இதயத்தில் ஓட்டை இருக்குமோ என்று படம் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. நுரையீரலும் நன்றாக இருந்தது. மூச்சு உள்ளே போகிறது, காற்று இருக்கிறது, பிள்ளை மட்டும் நீலமாகிக்கொண்டே போகிறது. நர்ஸ் சோதனைக்கு ரத்தம் எடுத்தபோது ஊசிக்குழாயில் பழுப்பு ஏறியது. அதைப் பார்த்ததும் டாக்டர் தன் விரலைக் குத்திக்கொண்டு, நான் முதலில் சொன்ன அந்தத் துணியைக் கொண்டுவரச் சொன்னார். துணியைப் பார்த்துவிட்டு, "ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"சச் போலோ, நிஜத்தச் சொல்லுங்க, எந்தத் தண்ணில தூத் பவுடர் கலக்கறீங்க?"

"போர்த் தண்ணி. ஆனா நல்லா காய்ச்சித்தான், பாதியா சுண்டற வரைக்கும்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு டாக்டரிடம் ஒரே ஒரு சொல் சொன்னார்: "நைட்ரேட்." டாக்டர் தலையசைத்துவிட்டு மருந்துக்கு ஆள் அனுப்பினார்.

மருந்து வேறொரு மருத்துவமனையிலிருந்து வரவேண்டியிருந்தது. அதுவரை மேடம் என்னைப் பேசியே உட்காரவைத்தார். மண்ணுக்குள் இறங்கும் சாக்கடை நிலத்தடி நீரில் நைட்ரேட் என்ற உப்பாகக் கலந்துவிடுகிறது. நிறமில்லை, மணமில்லை. பெரியவர்களுக்குப் பொதுவாக அதனால் உடனே ஒன்றும் ஆகாது. பச்சைப் பிள்ளையின் வயிற்றில் அது உருமாறி ரத்தத்தில் இருக்கும் இரும்பைக் கெடுத்துவிடும். கெட்டுப்போன இரும்பால் பிராணவாயுவைச் சுமக்க முடியாது. சுற்றிலும் காற்று இருக்க, பிள்ளை உள்ளுக்குள் மூச்சுமுட்டும்.

வந்த மருந்தைப் பார்த்து, எங்களோடு காரில் வந்திருந்த அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அது நீலம். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைவிடக் கடும் நீலம். நீலமாகிப்போன பிள்ளைக்கு நீலத்தையே ஊசியில் ஏற்றுகிறார்கள். நான் கடவுளையும் வேதியியலையும் சேர்த்தே கும்பிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உதட்டின் ஓரத்தில், விடியற்காலை வானம்போல, ஒரு ரோஜா நிறம் வந்தது. அது உதடு முழுக்கப் பரவி, கன்னத்துக்கு வந்து, நகத்துக்கு வந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. அப்படி ஒரு அதிசயத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தண்ணீர் பரிசோதனையிலேயே காலம் தள்ளிய மேடமும் வாய் பிளந்து நின்றார். "படிச்சிருக்கேன். பாத்தது இல்ல" என்றார் மெதுவாக.

வீட்டுக்கு வந்தபின் அக்கா பிள்ளையைத் தொடவில்லை. "என்ற கையாலயே வெசத்த ஊத்திப்போட்டனே" என்று சமையலறை மூலையில் உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னாள். நான் சொன்ன எந்தச் சமாதானமும் எடுபடவில்லை. மறுநாள் மாலை மேடம் ஆய்வகத்திலிருந்து சோதனைப் பட்டைகளோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, அக்காவின் எதிரே தரையில் உட்கார்ந்தார். இயந்திரத் தண்ணீரில் நனைத்த பட்டை வெளுப்பாகவே இருந்தது. குழாய்த் தண்ணீரில் இளஞ்சிவப்பு. காய்ச்சிய தண்ணீரில் பீட்ரூட் நிறம்.

அக்கா அந்தக் கடைசிப் பட்டையைக் கையில் எடுத்தாள். "கொதிக்க வெச்சா எல்லாமே செத்துப்போகுமுங்களே?"

"உயிர் இருக்கறதுதான் சாவும். இதுக்கு உயிரே கிடையாது. பானி ஆவியா போயிடும், இது பாத்திரத்துலயே தங்கிடும். காய்ச்சக் காய்ச்ச ஜாஸ்தி ஆகும்."

அக்கா தலைகுனிந்தாள். மேடம் விடவில்லை. "டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு, சுனோ, கேளுங்க. இதோட பேதியும் வந்திருந்தா பிள்ளை கைய விட்டுப் போயிருக்கும்னு. ஏன் வரல? நீங்க பாட்டில வேக வெச்சீங்க, எல்லாரையும் கை கழுவ வெச்சீங்க. அந்தத் தண்ணிதான் கெட்டது. உங்க கை நல்ல கை." இயந்திரத் தண்ணீரில் தானே பால் கலக்கினார். புட்டியைப் பெற்ற தாயான என்னிடம் தரவில்லை. அக்காவின் முன்னால் நீட்டினார், அவள் வாங்கும்வரை நீட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த கூட்டத்தில் மேடம் எழுந்தார், செயலாளர் உட்கார்ந்தார், குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகப் போர்க் குழாய்களுக்கெல்லாம் சிவப்பு வர்ணம் அடிக்கப்பட்டது. மேடம் இப்போது நாக்பூரில் இருக்கிறார். அவர் பேச்சில்லாமல் எங்கள் லிஃப்ட் மெதுவாகப் போவதுபோல இருக்கிறது. மகள் பள்ளிக்குப் போகிறாள். லீவுக்கு அக்கா ஈரோட்டிலிருந்து வந்தால், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே மகளை வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய் நகங்களைப் பார்க்கிறாள்.

"எதுக்குப் பெரியம்மா?" என்று கேட்கிறாள் மகள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. ஒருக்காச் சிரி, பாக்கறேன்."