அண்ணன் அனுப்பிய மலை

அயர்லாந்தில் நீர்வண்ணம் எளிதில் காய்வதில்லை. காலையில் தாளில் பூசிய வானம், முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலையை முடித்து நான் திரும்பும்போதும் ஈரமாகவே கிடக்கும். ஆரல்வாய்மொழியில் பள்ளி நாட்களில் இதற்கு நேர்மாறு. கணவாய்க் காற்றில் தூரிகை தாளின் மறுஓரம் போவதற்குள் தொட்ட இடம் உலர்ந்துவிடும்.

ஊரில் இருந்தவரை நான் மலையை வரைந்ததில்லை. தினமும் பார்ப்பதை எதற்கு வரைவது என்று இருந்தேன். இங்கே சனிக்கிழமை ஓவியக் குழுவில் எல்லோரும் புகைப்படத்தை வைத்துத் தங்கள் ஊரை வரைந்தார்கள். நான் அண்ணனிடம் படம் கேட்டேன். வீட்டுக்குப் பின்னாலுள்ள மலையும் அடிவாரக் குளமும் வாட்ஸ்அப்பில் வந்தன. ஓய்வு பெற்றதும் திரும்பிப்போய் அந்தக் குளத்துக்கு எதிரே வீடு கட்டுவதென்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். அவர் இறந்த பிறகும் நான் அந்த எண்ணத்தை விடவில்லை.

எத்தனை முறை கேட்டாலும் வந்த படங்களில் அதே மேகம், அதே கொக்கு. ஒருநாள் தொலைபேசியில், "புதுசா ஒண்ணு எடுத்து அனுப்பண்ணே" என்றேன்.

"பழசுக்கு என்ன கொறச்சல்? அதையே வரை ஏட்டி."

"மழைக்குப் பொறவு கொளம் எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"கொளத்த மண்ணு போட்டு நெரத்தியாச்சு. மலையும் பாதிதான் நிக்கு. கல்லெல்லாம் லாரியில போச்சு. ஒங்கிட்ட எப்படிச் சொல்லுகதுன்னு இருந்தேன்."

மறுநாள் படம் வந்தது. வெட்டுப்பட்ட மலையின் உள்பக்கம் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தது. அந்த நிறத்தை ஊரில் நான் கண்டதே இல்லை. அதையும் வரைந்தேன். குழுவை நடத்தும் மோரீன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாலை வெயில் அழகாக விழுந்திருக்கிறது" என்றார்.

"வெயில் இல்லை, கல்" என்றேன்.

"ஆமாம், கல்லின் மேல் வெயில்" என்று அன்போடு தலையசைத்தார். நான் திருத்தவில்லை. அதற்குப் பிறகு அண்ணனிடம் படம் கேட்கவும் இல்லை.

ஆண்டுக் கண்காட்சிக்கு இங்கே என் வீட்டருகே உள்ள கடற்கரையைப் புகைப்படம் எடுத்து வரைந்தேன். அண்ணனுக்கு அனுப்பியதும், "நம்ம முட்டம் கடலுக்கு எப்பம் வந்த? சொல்லவே இல்லியே" என்று கேட்டார்.

ஓவியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரங்கில் ஒரு சுவர் உள்ளூர்க் காட்சிகளுக்கு, எதிர்ச்சுவர் பயண நினைவுகளுக்கு. "உங்கள் ஊர்க் கடல் எவ்வளவு நீலம்" என்று வியந்தபடி, என் வீட்டுச் சன்னலில் தெரியும் கடலை மோரீன் பயண நினைவுகளின் சுவரில் மாட்டினார்.