நானும் நாயும் சேர்ந்து 298 பவுண்டு

ஒரு நாயை இரண்டு மாதம் அரைப்பட்டினி போட்டவன் நான். என் தொப்பையின் மானத்தைக் காப்பாற்ற அதன் தட்டில் கை வைத்தேன். சுருக்கமாகச் சொன்னால் இன்னும் கேவலமாகத் தெரிகிறது, விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

2006இல் டெக்சஸில், ரவுண்ட் ராக் ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கியிருந்தோம். ஆடு வளர்த்தால் நிலவரி குறையும் என்று ஆபீசில் யாரோ கிளப்பிவிட, வார நாட்களில் கம்ப்யூட்டர், வார இறுதியில் புழுக்கை என்று என் வாழ்க்கை பிரிந்தது. ஓர் ஆட்டை ஓநாய்க்குத் தம்பி மாதிரியான கயோட்டி தூக்கிப்போனதும், பக்கத்துப் பண்ணைக்காரர் தன் காவல் நாய்களில் ஒன்றைக் கொடுத்தார்.

கிரேட் பிரனீஸ் இனம். வெள்ளை வெளேரென்று, நின்றால் என் இடுப்பு உயரம். கூப்பிட்டால் வராது. காதில் விழும், ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று ஒரு பார்வை பார்க்கும். ஆனால் ஆட்டுக்குட்டி தன் முதுகில் ஏறிக் குதித்தாலும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும். என் மனைவிக்கு அதன்மேல் உயிர்.

இதயப்புழுத் தடுப்பு மாத்திரைக்கு நாயின் எடை வேண்டும் என்று மிருக டாக்டரம்மா போனில் கேட்டார். எங்கள் பாத்ரூம் எடைமெஷினில் அதன் இரண்டு பாதம்தான் அடங்கியது.

“தூக்கிட்டு ஏறுங்க. உங்க வெயிட்டைக் கழிச்சுக்கலாம்,” என்றாள் மனைவி. அவளுக்கு வேலையே சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பது.

தூக்கினேன். அதாவது, கன்றுக்குட்டியைக் கல்யாணம் செய்துகொண்டவன் மாதிரி கட்டிப்பிடித்து, மூச்சடக்கி, மெஷினில் ஏறினேன். நாய் என் காதை நக்கியது.

“298! சரி, நீங்க எவ்ளோ?”

“172,” என்றேன்.

அது பொய்யில்லை, பழைய உண்மை. கல்யாணத்தன்று நான் 172தான். இப்போது 196.

“ஏறிக் காட்டுங்க.”

அதற்குள் முதுகு பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தேன். ஆறுதல் சொல்ல நாய் என்மேல் படுத்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக முதுகுவலிக்கு நன்றி சொன்னேன்.

கணக்குப்படி நாய் 126 பவுண்டு. இந்த எலும்புக்கு நூறை ஒட்டி இருந்தால் போதும், டெக்சஸ் வெயிலில் கூடுதல் எடை மூட்டுக்கு ஆகாது, சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள் என்றார் டாக்டர். அழுத்தித் தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், துருத்தக் கூடாது என்றும் சொன்னார். தடவிப் பார்த்திருந்தால் அன்றே என் சாயம் வெளுத்திருக்கும். நான் அளக்கும் டம்ளரை மாற்றினேன். எடைமெஷினைப் பரணில் ஏற்றினேன்.

அந்த மயிர்க்கட்டுக்குள் நாய் இளைத்தது யாருக்கும் தெரியவில்லை. பசித்தாலும் ஆட்டுத் தீவனத்தில் வாய் வைக்கவில்லை. பிறந்து இரண்டு நாளான குட்டியைக் கால்களுக்கு நடுவில் போட்டுக் காவல் காத்தது. வேலியோரம் ரோந்து மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு சனிக்கிழமை மயிர் சீவிக்கொண்டிருந்த மனைவி கத்தினாள்:

“ஏங்க! எலும்பு குத்துதுங்க!”

ஆஸ்பத்திரியில் தரையோடு பதித்த பெரிய தராசு. 88 பவுண்டு.

டாக்டர் ஃபைலைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் 38 பவுண்டு இறங்கியிருக்கிறது. குறைத்த சாப்பாட்டுக்கு இவ்வளவு இறங்காது. ரத்தம் எடுக்க வேண்டும், ஸ்கேன் பண்ண வேண்டும், கட்டியாகக்கூட இருக்கலாம் என்றார். மனைவி நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஊசியோடு நர்ஸ் வந்தார்.

வாயைத் திறந்தால் நான் காலி, திறக்காவிட்டால் நாய்க்கு ஊசி. நாயோ என் தொடையில் சாய்ந்துகொண்டு நின்றது. அதற்கு என்மேல் இன்னும் நம்பிக்கை.

“டாக்டர், ஒரு நிமிஷம். அது 126 இல்லை. நான்தான்...”

நானே தராசில் ஏறி நின்றேன். சிவப்பு எழுத்தில் 199 என்று வந்தது. பரணில் மெஷின் தூங்கிய இரண்டு மாதத்தில் மூன்று பவுண்டு வேறு வளர்ந்திருந்தேன்.

நர்ஸ் ஊசியை மூடினார். டாக்டரம்மா முகத்தை ஃபைலுக்குள் புதைத்தார், தோள் குலுங்கியது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு மனக்கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

“அப்போ அன்னிக்கு இது நூறு சொச்சம்தான்,” என்றாள். “சரியான வெயிட்ல இருந்த நாயை...”

“சாரிம்மா.”

நோயில்லை, மெதுவாகப் பழைய அளவுக்குச் சாப்பாட்டைக் கூட்டுங்கள் என்று அனுப்பிவைத்தார் டாக்டர். நாயைக் கூட்டிக்கொண்டு மனைவி முன்னால் போய்விட்டாள். நான் போய்க் கார்க் கதவைத் திறந்தால், அவள் பக்கத்தில் என் சீட்டில் நாய், ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தபடி.

“இதை இறங்கச் சொல்லேன்,” என்றேன்.

“நீங்க பின்னாடி உக்காருங்க.”