பத்துக்குப் பதில் இரண்டு

ஆய்வகத்தில் அவருக்கு ‘மெதுவா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கதவை மெதுவா சாத்துங்க, டிஷ்ஷை மெதுவா வையுங்க என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி, அதுவே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் உள்ளூர அதில் பெருமைதான். தன்னால் உலகத்தில் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று நினைத்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டு டீயில் சர்க்கரை தூக்கல். இருபத்துநாலு வருடமாக அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதைத் தியாகம் என்று வேறு கணக்கு வைத்திருந்தார். தியாகி டம்ளரைக் கீழே வைக்கும்போது “நல்லா இருக்கு” என்றும் சொல்வார்.

வேலை, தோல் செல்களை வளர்ப்பது. வேளாவேளைக்கு ரோஸ் நிறத் திரவம் ஊற்ற வேண்டும், சூடு பார்க்க வேண்டும், அழுக்குப் படாமல் காக்க வேண்டும். அவர் வளர்த்த செல்கள் டிஷ் என்கிற வட்டத் தட்டின் அடியில் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே விரிப்பாகப் படர்ந்திருக்கும். அவரை அண்ணா என்று கூப்பிடும் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, இந்த ஒட்டுதலைப் பற்றித்தான் நாலு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

செல்லின் ஓரத்தில் கேடரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. பக்கத்துச் செல்லின் கேடரினை அது கைகோத்த மாதிரி பிடித்திருக்கும். இழுத்தால் விட்டுவிடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் ஓரளவுக்கு இழுத்தால் பிடி இறுகுகிறது. உள்ளே மடிந்து கிடக்கும் இன்னொரு புரதம் இழுப்பில் விரிந்துகொடுத்து, துணைக்கு ஆள் சேர்க்கிறது. அளவோடு மூன்று நாள் இழுபட்ட செல்கள், இழுபடாதவற்றைவிட உறுதியாகச் சேர்ந்து நிற்கும் என்பது அவள் கட்சி. அவள் இதைச் சொன்னபோதெல்லாம் அவர் தலையாட்டினார். மண்டைக்குள் ஏறியதா என்பது வேறு விஷயம்.

இழுக்கும் இயந்திரம் கீழ்மாடி ஆய்வகத்திலிருந்து இரவல் வந்தது. ரப்பர் அடி வைத்த ஆறு டிஷ்கள், மூன்று மூன்றாக இரண்டு வரிசை. வரிசைக்கு ஒரு திருகு. எண் கூடக் கூட இழுப்பும் கூடும்; இரண்டும் பத்தில் இருந்தன. வெள்ளிக்கிழமை அவள் கிளம்பும்போது, “அண்ணா, திங்கக்கிழமை சாயங்காலம் மிஷின் திரும்பப் போயிடும். மாசக் கடைசிக்குள்ள நான் எல்லாத்தையும் எழுதிக் குடுக்கணும். இதை விட்டா வேற வழி இல்ல. பாத்துக்குங்க” என்றாள்.

அவரும் பார்த்தார். சனிக்கிழமை காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அங்கேதான் வந்தது வினை. ஒவ்வோர் இழுப்புக்கும் செல்கள் நீண்டு மெலிந்து, ஓரமெல்லாம் இப்பவோ அப்பவோ என்று இருந்தன. தன் கையால் வளர்த்ததுகள். மனசு கேட்கவில்லை. வலப்பக்கத் திருகைப் பத்திலிருந்து இரண்டுக்கு இறக்கினார். இடப்பக்கத் திருகு இறுகிக் கிடந்தது, கொஞ்சம் பலமாகத் திருக வேண்டும். எதையும் பலமாகத் திருகாத பெருந்தகை அதை அப்படியே விட்டுவிட்டார். தன் சட்டைப்பை நோட்டில் மணியையும் திருகின் எண்ணையும் மட்டும் குறித்தார். திங்கள் காலை அவள் வருவதற்குள் வலதைப் பழையபடி பத்துக்கு ஏற்றியும் வைத்தார். மெதுவாகத்தான்.

அன்று சோதனை. செல் விரிப்பைச் சேதமில்லாமல் பெயர்த்தெடுத்து, குழாயில் போட்டு, ஐம்பது தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிடி உறுதி என்றால் ஒரே துண்டாக நிற்கும். இடப்பக்கத்து மூன்றும் நின்றன. வலப்பக்கத்து மூன்றும், போன மாதம் இழுக்காமலே வைத்துச் சோதித்தவை மாதிரி, துண்டு துண்டாகப் போயின.

மாணவி குழாய்களைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். “என் யோசனையே தப்பு போலண்ணா. நாலு வருஷம் தண்டம். விட்டுடறேன்னு கைடு மேடத்துக்கு எழுதப் போறேன்.”

அவர் தொட்டிக்குப் போய் ஒரே பீக்கரை மூன்று தடவை கழுவினார். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பேசாமல் இருப்பதில்தான் அவர் கில்லாடி ஆயிற்றே. ஆனால் அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

“அது உன் தப்பு இல்லம்மா. வலது வரிசைய நான்தான் குறைச்சேன். ரெண்டுக்கு.”

“எதுக்கு?”

“பாவமா இருந்துச்சு.”

“செல்லைப் பாத்தா பாவமா இருந்துச்சா?” அவள் குரல் உயரவில்லை. “என்னைப் பாத்தா பாவமா இல்லையாண்ணா?”

“அது மட்டும் இல்ல. கிழிஞ்சா என் தலையில விழும்னு பயம்” என்றார். இரக்கம் இரக்கம் என்று தான் கொண்டாடியதில் முக்கால்வாசி பயம்தான் என்று சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

அவள் பத்து நிமிடம் விடாமல் திட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஆய்வகத்தில் அவர் வாங்கிய முதல் திட்டு. பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தாள். “இழுத்தது மூணும் நின்னிருக்கு. ஆனா நடுவுல கை வெச்சதை எழுத முடியாது. முதல்லேர்ந்து செய்யணும். மிஷின்தான் போகப் போகுதே.”

“நான் போய்க் கேக்கறேன்.”

“நீங்களா?” என்றாள், அழுகையிலும் சிரிப்பு வந்து.

கீழ்மாடிப் பொறுப்பாளர் தலையை நிமிர்த்தாமலே முடியாது என்றார். மற்ற நாளாக இருந்தால் நம்மவர் சரிங்க என்று திரும்பியிருப்பார். கால்கள் கதவுப் பக்கம் திரும்பியும்விட்டன. அவற்றை நிறுத்தி, “முடியாதுன்னா எப்படி சார்? தப்பு என்னோடது, தண்டனை அந்தப் பொண்ணுக்கா?” என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றார். முக்கால் மணி நேரம் வாக்குவாதம். “அஞ்சு நாள். அதுக்கு மேல ஒரு மணி நேரம் கிடையாது” என்றார் பொறுப்பாளர். பன்னிரண்டு வருடமாக இவரைப் பார்த்தால் வெறும் தலையாட்டலோடு போன அந்தப் பொறுப்பாளர், மறுநாள் தானே மாடியேறி வந்து, இறுகிக் கிடந்த திருகுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்.

இந்தத் தடவை மாணவி இரண்டு திருகின் மேலும் டேப் ஒட்டினாள். அவர் மூன்று நாளும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐம்பது தடவை கவிழ்த்து நிமிர்த்தியும் ஆறு விரிப்பும் கிழியாமல் தனித்தனியே ஒரே துண்டாக நின்றன. அவள் ஆறு குழாயையும் மறுபடி எண்ணினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலை மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார், தன்னைத்தானே கேலி செய்துகொண்டு, நடித்துக்காட்டிக்கூட. அவள் சிரிக்கவில்லை. டீயை அவர் முன்னால் வைத்தாள்.

“அப்ப என்னையும் இத்தனை வருஷமா ரெண்டுலதான் வெச்சிருந்தீங்களா?”

“என்ன சொல்ற?”

“ஒரு நாள் கோவிச்சிருக்கீங்களா? ஒரு நாள் வேண்டாம்னு சொல்லியிருக்கீங்களா? நான் யாரோட குடும்பம் நடத்தறேன்னே பல நாள் எனக்குத் தெரியல.”

சுருக்கென்று தைத்தது. அவர் டம்ளரையே பார்த்தார். கீழ்மாடி அறையில் வாய் திறந்ததைவிட இது கஷ்டமாக இருந்தது.

“டீல சர்க்கரை ஜாஸ்தி” என்றார்.

“இன்னைக்கா?”

“இருபத்துநாலு வருஷமா.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“வேற?” என்றாள். “சொல்லுங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்.”