‘குளிசையை விடாதே’ என்று நான் சொன்னவனின் ஊருக்கு

வழக்கமாக இந்தப் பயணப் பக்கத்தில் கடற்கரைகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் பற்றித்தான் எழுதுவேன். சென்ற மாதம் ஏறாவூருக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. கத்தாரில் என்னோடு ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்த ரஹீம் (பெயரை மாற்றியிருக்கிறேன்) இறந்து ஆறு வாரமாகியிருந்தது.

திருகோணமலையிலிருந்து காலை 6.30க்கு மட்டக்களப்பு பஸ். ஏறாவூருக்கு 480 ரூபாய். கடல் பார்க்க விரும்புகிறவர்கள் இடப்பக்கம் உட்காருங்கள். நான் பார்த்தபோது வாகரையில் மழை. கடலும் வானமும் ஒரே சாம்பலாக இருந்தன. வந்தாறுமூலையில் மாணவர்கள் இறங்க, பஸ் பாதி காலியானது. 10.10க்கு ஏறாவூர்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய வருடம் எனக்குத் தொழுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு வருடம் மருந்து எடுத்துக் குணமானேன். தினமும் போட்ட குளிசைகளில், அதாவது மாத்திரைகளில், ஒன்று டாப்சோன். ரஹீமுக்கு மட்டும் இதைச் சொல்லியிருந்தேன். பிறகு அவன் முதுகிலும் மரத்துப்போன தேமல் வந்தது. கிளினிக்கில் அதே மருந்துகளைக் கொடுத்தார்கள். ஐந்தாம் வாரம் எனக்குப் போன் எடுத்தான்.

“மச்சான், காய்ச்சல் விடுகுதில்ல. மேலெல்லாம் செவந்து தடிச்சிருக்கு.”

“எனக்கும் தோல் கறுத்ததுதான். குளிசைய மட்டும் விட்டிடாத” என்றேன்.

எனக்குக் கறுத்தது வேறொரு குளிசையால். அவனுக்கு வந்தது டாப்சோன் ஒத்துக்கொள்ளாததால். அது எனக்குத் தெரியாது. கிளினிக்குக்குப் போனால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று அவனும் போகவில்லை. கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈரல் கெட்டிருந்தது. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 200 ரூபாய். ஓட்டுநர் சொன்னார்: “அந்த வீட்டு மனிசனுக்குக் குட்டமாம். வாசலோட நிண்டு கதைச்சிட்டு வாங்க.”

“எனக்கும் வந்த வருத்தம்தான் அது. மருந்து எடுத்தா மற்றவங்களுக்குத் தொத்தாது” என்றேன்.

இறங்கிக் காசை நீட்டியபோது, “சீட்டில வைங்க” என்றார் அவர்.

ரஹீமின் அண்ணன், அவன் காக்கா என்று கூப்பிடுகிறவர், என்னை முன்னறையில் உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தார். ரஹீமின் மனைவி, கணவன் இறந்தபின் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் இருந்ததால் வெளியே வரவில்லை. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

“நானா, ஒண்டு கேக்கணும். அந்தக் குளிசைய அப்பவே நிப்பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா, இருந்திருப்பாரா?”

பஸ்ஸில் வரும்போது பல பதில்களை யோசித்து வைத்திருந்தேன். அவற்றை விட்டு உண்மையைச் சொன்னேன்.

“இருந்திருக்கக்கூடும், தங்கச்சி. நான்தான் விட வேணாம் எண்டு சொன்னன்.”

காக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவருக்கு ஏலாம இருந்த நாளையிலயும் நான்தான் தண்ணி குடுத்துப் போட வச்ச” என்றார் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து. “ஓங்காளிக்குது, வேணாம் எண்டார். நீங்க சொன்னதச் சொல்லித்தான் குடுத்த.”

அவர் அழுதாரா என்று தெரியவில்லை. நான் அழுதேன். புறப்படும்போது மறுபடியும் குரல் கொடுத்தார். “மத்தவங்களுக்குச் சொல்லுங்க. அவர்ட பேர மட்டும் சொல்லிராதீங்க.”

காக்கா அவனை அடக்கிய மையவாடிக்கு அழைத்துப்போனார். மழை மண்ணைக் கரைத்திருந்தது. 1.45 பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம் கண்ணை மூடியே இருந்தேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: கார்த்திகை, மார்கழியில் போனால் குடை அவசியம். வெள்ளிக்கிழமை மதியம் ஏறாவூரில் கடைகள் பூட்டியிருக்கும்.

தொழுநோய் மருந்து எடுக்கிறவர்களுக்கு: இந்த நோய் குணமாகும், மருந்து இலவசம். ஆனால் முதல் இரண்டு மாதங்களில் காய்ச்சலோடு உடம்பு சிவந்து தடித்தால், கண் மஞ்சளானால், அடுத்த குளிசையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாப்சோனுக்குப் பதிலாக வேறு மருந்து தருவார்கள். குணமானவன் ஒருவனைத் தெரியும் என்று அவனுக்குப் போன் எடுத்துக் கேட்காதீர்கள். அவனுக்குத் தன் உடம்பு மட்டும்தான் தெரியும்.